பொன் ஏடு சென்ற நகரம்

தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் 1620-ஆம் ஆண்டில் ஒரு மடல் எழுதுவித்தார். பனையோலையில் அன்று, மெல்லிய பொன் ஏட்டில். எழுதப்பட்டது தமிழில். பெறுபவரோ கடல் பல கடந்த வடதேசத்து அரசர், டென்மார்க்கின் நான்காம் கிறிஸ்டியன். அவர் அனுப்பிய கப்பல்கள் தரங்கம்பாடிக் கரைக்கு வந்து, கோட்டை கட்டவும் வணிகம் செய்யவும் இடம் கேட்டன. நாயக்கர் இசைந்தார். கப்பற்படைத் தலைவர் ஓவே யெட்டே 1622-இல் தம் நாடு திரும்பினார். நாயக்கரின் பொன் ஏடு இன்றும் டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில், அரசு ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது.

இப்பொழுது நம் குடும்பங்களில் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஐரோப்பிய நகரங்களில் வேலை பார்ப்பது சாதாரணமாகிவிட்டது. அவர்களைக் காணச் செல்லும் பெரியோர்களுக்குக் கோபன்ஹேகனில் இரண்டு நாள் கழிக்க வாய்ப்புக் கிடைத்தால், எங்கே போவது, எதைப் பார்ப்பது என்பதைச் சொல்லவே இக்கட்டுரை. கடற்கன்னிச் சிலையின் முன் ஒரு படம், பூங்காவில் ஒரு சுற்று, கடைத்தெருவில் ஒரு நடை என்று பலர் திரும்பிவிடுகிறார்கள். அந்தப் பொன் ஏட்டைப் பெற்ற மன்னரின் கைவண்ணத்தைத் தேடிச் சென்றால் நகரம் வேறு விதமாகத் தெரியும்.

நான்காம் கிறிஸ்டியன் 1588 முதல் 1648 வரை, ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அரசராக இருந்தவர். போர்களில் அவருக்குப் பெரிய வெற்றி வாய்க்கவில்லை, கருவூலமும் கரைந்தது. ஆனால் கட்டடம் கட்டுவதில் அவருக்கு இருந்த ஆசை அளவிறந்தது. நகரின் பழைய உச்சிகளை ஒவ்வொன்றாகக் காட்டி, இதை யார் கட்டியது என்று கேட்டால், பாதிக்கு மேல் அவர் பெயர்தான் விடையாக வரும்.

முதலில் செல்ல வேண்டியது வட்டக் கோபுரம். நகரின் நடுவே, கடைத்தெருக்களுக்கு இடையில், செங்கல்லால் ஆன உருளை வடிவக் கோபுரம் ஒன்று நிற்கிறது. 1637-இல் தொடங்கி 1642-இல் முடித்தார்கள். உயரம் ஏறத்தாழ 35 மீட்டர். முழங்கால் வலியுடைய பெரியோர்கள் உயரத்தைக் கேட்டு அஞ்ச வேண்டாம். இதில் படிக்கட்டுக்குப் பதிலாகச் சாய்தளம் அமைத்திருக்கிறார்கள். நடுவில் உள்ளீடற்ற தூண். அதைச் சுற்றிச் சுற்றி ஏழரைச் சுற்று மெல்ல ஏறிச் செல்லும் செங்கற்பாதை. 209 மீட்டர் நடந்தால் மேலே வந்துவிடுவோம். வெள்ளை பூசிய சுவர்களும் ஆழமான சாளரங்களும் வழியெங்கும் வெளிச்சம் தரும். நின்று மூச்சு வாங்கிக்கொள்ளவும் இடமுண்டு.

இந்தச் சாய்தளம் அலங்காரத்துக்காக அமைக்கப்பட்டதன்று. கோபுரத்தோடு ஒட்டி ஒரு தேவாலயம், அதன் கூரைக்கு அடியில் பல்கலைக்கழக நூலகம், கோபுர உச்சியில் வானாய்வுக்கூடம் என மூன்றையும் ஒன்றாகக் கட்டினார் மன்னர். கனமான நூல்களையும் கருவிகளையும் மேலே கொண்டு செல்லச் சாய்தளமே ஏற்றது. 1716-இல் ருஷ்யப் பேரரசர் பீட்டர் குதிரைமீது அமர்ந்தே உச்சிவரை ஏறினார் என்பது இங்கே எல்லோரும் சொல்லும் செய்தி. கடைசியில் மட்டும் குறுகலான சுழற்படிகள் சில உண்டு. அவற்றில் ஏற இயலாதவர்கள் இடைவழியில் உள்ள பழைய நூலக மண்டபத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். அந்த மண்டபத்துக்காகவே ஏறியது தகும்.

கோபுரத்தின் முகப்பில், உயரத்தில், பொன்னெழுத்தாலான ஒரு வாசகம் இருக்கிறது. கீழிருந்து பார்ப்பவர்க்கு அது விடுகதை போல் தோன்றும். லத்தீன் சொற்கள் சில, நடுவே ஒரு வாளின் உருவம், ஒரு இதயத்தின் உருவம், இறைவன் பெயரைக் குறிக்கும் நான்கு ஹீப்ரு எழுத்துகள், மன்னரின் முத்திரை, 1642 என்னும் ஆண்டு. சேர்த்துப் படித்தால் அது ஒரு வேண்டுதல்: மெய்யான கல்வியையும் நீதியையும் முடிசூடிய இந்த அரசனின் நெஞ்சுக்குள் செலுத்தியருள்க என்பது அதன் கருத்து. வாள் நீதிக்கு அடையாளம். தன் புகழைப் பொறிக்க இடம் இருந்தும் தன் நெஞ்சுக்காக வேண்டிக்கொண்ட அரசரை எண்ணி, கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கலாம்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. டென்மார்க் ஈன்ற மாபெரும் வானியல் அறிஞர் டைக்கோ பிராகி. தொலைநோக்கி தோன்றுவதற்கு முன்பே வெறுங்கண்ணாலும் பெரிய கருவிகளாலும் விண்மீன்களின் நிலையைத் துல்லியமாகக் குறித்தவர். இளம் மன்னராக இருந்த இதே கிறிஸ்டியனின் ஆதரவை இழந்து 1597-இல் நாட்டைவிட்டு வெளியேறினார். 1601-இல் பிராகு நகரில் காலமானார். நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அதே அரசர் வானத்தைப் பார்க்கக் கோபுரம் எழுப்பினார்.

1728-ஆம் ஆண்டு அக்டோபரில் கோபன்ஹேகனைப் பெருந்தீ பற்றியது. இரண்டு நாட்களுக்கு மேல் எரிந்தது. வட்டக் கோபுரத்து நூலகம் பல்லாயிரம் நூல்களோடு சாம்பலாயிற்று. ஒளிக்கு வேகம் உண்டு என்று முதன்முதலில் காட்டிய ஓலே ரோமர் என்னும் அறிஞர் ஆண்டுக்கணக்கில் எழுதி வைத்த வானியல் குறிப்புகள் பெரும்பாலும் அந்தத் தீக்கே இரையாயின. அதே தெருப்பக்கம் குடியிருந்த ஆர்னி மக்னூசன் என்னும் ஐஸ்லாந்துப் பேராசிரியர், தம் தாய்நாட்டுப் பழைய தோல் ஏடுகளை வாழ்நாள் முழுதும் தேடித் திரட்டியவர். தீ வாசலை நெருங்கும்வரை அவரும் துணைவர் சிலரும் ஏடுகளைச் சுமந்து வெளியேற்றினர். அச்சு நூல்களை விட்டுவிட்டு, வேறெங்கும் கிடைக்காத கையெழுத்துச் சுவடிகளில் பெரும்பகுதியைக் காத்தார். மனம் ஒடிந்து, 1730-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இறந்துபோனார். காப்பாற்றப்பட்ட அந்த ஏடுகளில் பல 1971 முதல் ஐஸ்லாந்துக்கே திருப்பி அளிக்கப்பட்டன.

வட்டக் கோபுரத்திலிருந்து பத்து நிமிட நடையில் ரோசன்போர்க் அரண்மனை. 1606-ஆம் ஆண்டளவில் கோடைக்கால மாளிகையாகத் தொடங்கி, மன்னர் அதைச் சிறிது சிறிதாகப் பெருக்கினார். செங்கல் சுவர், பசுங்கூரை, சுற்றிலும் அகழி, அதற்கு அப்பால் அரசரின் பூங்கா. உள்ளே படிகள் குறுகல். நிலவறையில் அரச குடும்பத்து அணிகலன்களும் மணிமுடிகளும் உள்ளன. 1596-இல் நான்காம் கிறிஸ்டியன் சூடிய முடி ஏறத்தாழ மூன்று கிலோ எடை. அரச அணிகலன்கள் இன்றும் பெருவிழா நாட்களில் அரசியாரால் அணியப்படுகின்றன. ஆனால் அவை நாட்டின் எல்லையைத் தாண்டக் கூடாது என்பது வழக்கம். திருவிழாவன்று மட்டும் பெட்டகத்திலிருந்து வெளிவரும் திருவாபரணங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த ஏற்பாடு விளக்காமலே புரியும்.

மேல்மாடி மண்டபத்தில் மூன்று வெள்ளிச் சிங்கங்கள் காவல் நிற்க, ஓர் அரியணை இருக்கிறது. ஒற்றைக்கொம்புக் குதிரையின் கொம்பால் ஆனது என்று அக்காலத்தவர் நம்பினர். உண்மையில் வடகடலில் வாழும் நார்வால் என்னும் திமிங்கில இனத்தின் தந்தம் அது. என்னை அதிகம் நிறுத்தி வைத்தது வேறொரு பொருள். 1644-இல் கடற்போரில் காயம்பட்டு, அறுபத்தேழு வயது மன்னர் ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். அன்று அவர் உடுத்திருந்த உடை இரத்தக் கறையோடு இங்கே பாதுகாக்கப்படுகிறது. நான்கு ஆண்டுகள் கழித்து, உயிர் பிரியும் தறுவாயில் தம்மை இந்த மாளிகைக்கே கொண்டுவரச் சொன்னார். இங்கேயே கண் மூடினார்.

அவர் கட்டியவற்றில் ஒன்றை இன்று முழுமையாகக் காண முடியாது. துறைமுகக் கால்வாயின் கரையில் நீளமாகப் படுத்திருந்த வணிகர் மாளிகை அது. போர்சன் என்பது அதன் பெயர். கப்பல்களிலிருந்து சரக்கிறக்கி விற்பதற்காக 1620-களில் எழுந்தது. அதன் உச்சியில், நான்கு டிராகன் பாம்புகளின் வால்கள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு வானை நோக்கிக் கூராகும் கோபுரம் 1625-இல் அமைந்தது. அந்தப் பாம்புகள் கட்டடத்தைத் தீயிலிருந்து காக்கின்றன என்று நகரத்தார் நம்பினர். நம்பிக்கைக்குக் காரணமும் இருந்தது. 1728-இன் பெருந்தீ, 1795-இன் பெருந்தீ, பக்கத்து அரண்மனையை இருமுறை விழுங்கிய தீ, எதுவும் போர்சனைத் தொடவில்லை.

2024 ஏப்ரல் 16 காலையில் அது தீப்பிடித்தது. நானூறாம் ஆண்டை ஒட்டிப் பழுதுபார்க்கச் சாரம் கட்டியிருந்த நேரம். டிராகன் கோபுரம் எரிந்து தெருவில் சாய்ந்தது. இரண்டு நாள் கழித்து வெளிச்சுவரின் ஒரு பகுதியும் இடிந்தது. அன்று காலை உலகம் பார்த்த படங்களில் மறக்க முடியாதது எரியும் கோபுரமன்று. அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள், மிதிவண்டியை ஓரமாகச் சாய்த்துவிட்டு வந்தவர்கள், அங்கே பணிபுரிபவர்கள், தீயணைப்பு வீரர்கள் என எல்லோரும் பெரிய பெரிய ஓவியங்களை ஆளுக்கு ஒரு முனையாகத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். குரோயர் என்னும் ஓவியர் 1895-இல் வரைந்த, வணிகர்கள் கூடியிருக்கும் மாபெரும் ஓவியமும் அவற்றுள் ஒன்று. ஒருவர் தனியாகத் தூக்க முடியாத அளவு அது. மாளிகையைப் பழைய உருவிலேயே மீண்டும் எழுப்ப முடிவு செய்து பணியைத் தொடங்கிவிட்டார்கள். நீங்கள் செல்லும்போது வேலி அடைத்திருந்தாலும் கால்வாயின் மறுகரையிலிருந்து சற்று நேரம் நின்று பாருங்கள்.

போர்சனை அடுத்துள்ள கிறிஸ்டியான்ஸ்போர்க் அரண்மனையில்தான் நாடாளுமன்றமும் உச்ச நீதிமன்றமும் பிரதமர் அலுவலகமும் இயங்குகின்றன. 1167-இல் அப்சலோன் என்னும் பேராயர் கட்டிய கோட்டை இருந்த இடம் இது. நகரம் பிறந்த இடமும் இதுவே. பிற்காலத்தில் எழுந்த முதல் அரண்மனை 1794-இலும் இரண்டாவது 1884-இலும் எரிந்தன. இப்போதிருப்பது மூன்றாவது. இதற்கு அடித்தளம் தோண்டியபோது அப்சலோன் கோட்டையின் கற்கள் வெளிப்பட்டன. நிலத்தடியில் இறங்கி அவற்றைப் பார்க்கலாம். மேலே அரச வரவேற்பு மண்டபங்களுக்குள் செல்வோர் தரை கெடாதிருக்கக் காலணிமேல் உறை மாட்டிக்கொள்ள வேண்டும். வாசலில் செருப்பைக் கழற்றியே பழகிய நமக்கு இது சிரமமாகத் தோன்றாது. அங்கே பெரிய மண்டபத்தில் தொங்கும் வண்ணத் திரைச்சீலைகள், அரசியார் இரண்டாம் மார்கிரேத்தெ அவர்களின் ஐம்பதாம் பிறந்தநாளுக்காக நெய்யத் திட்டமிட்டு, 2000-ஆம் ஆண்டில் முடிந்தவை. ஆயிரம் ஆண்டு வரலாறு நூலிழையில் ஓடுகிறது. கோபுரத்தில் ஏறக் கட்டணம் இல்லை; மின்தூக்கியும் உண்டு.

கடற்கன்னிச் சிலையையும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் ஏமாறாமல் பார்க்க, கதையைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. சிலை சிறியது, உயரம் ஒன்றேகால் மீட்டர். எட்வர்ட் எரிக்சன் என்னும் சிற்பி வடித்த வெண்கலச் சிலை, 1913 முதல் கரையோரப் பாறையில் அமர்ந்திருக்கிறது. இருமுறை தலையை அறுத்தார்கள், ஒருமுறை கையை வெட்டினார்கள், ஒருமுறை வெடி வைத்துத் தண்ணீரில் தள்ளினார்கள். ஒவ்வொரு முறையும் செப்பனிட்டு அதே பாறையில் அமர்த்தினார்கள்.

ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் இக்கதையை 1837-இல் வெளியிட்டார். இளவரசனைக் காதலித்த கடற்கன்னியின் கதை என்று சொல்லிப் பேரப்பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்டுகிறோம். ஆண்டர்சன் எழுதியது அதைவிட ஆழமானது. கடல்வாழ் மாந்தர்க்கு முந்நூறு ஆண்டு ஆயுள். ஆனால் முடிவில் நுரையாகிக் கரைந்துபோவார்கள், அழியாத ஆன்மா அவர்களுக்கு இல்லை. மனிதருக்கு ஆயுள் குறைவு, ஆன்மா உண்டு. இதைப் பாட்டியிடம் கேட்ட நாள் முதல் அந்தச் சிறுமியின் மனம் அமைதியிழக்கிறது. இளவரசன் மட்டுமல்ல, அந்த ஆன்மாவும் அவளுக்கு வேண்டும். அதற்காகக் குரலை விலையாகக் கொடுக்கிறாள், கால் பெறுகிறாள், ஒவ்வோர் அடியும் கத்திமேல் நடப்பதுபோல் வலிக்கிறது. இளவரசனோ வேறொருத்தியை மணக்கிறான். அவனைக் கொன்றுவிட்டால் நீ பழையபடி கடலுக்குத் திரும்பலாம் என்று தமக்கையர் தம் கூந்தலை விற்று ஒரு கத்தியைப் பெற்றுத் தருகிறார்கள். உறங்குகிறவனைப் பார்க்கிறாள், கத்தியைக் கடலில் எறிகிறாள், நுரையாகிறாள். ஆனால் அழியவில்லை. காற்றின் மகளிரோடு சேர்க்கப்பட்டு, முந்நூறு ஆண்டு நற்செயல் புரிந்து ஆன்மாவைப் பெறும் வாய்ப்பை அடைகிறாள்.

இதை நினைவில் வைத்துக்கொண்டு அந்தச் சிறு உருவத்தின் முகத்தைப் பாருங்கள். கூட்டம் காலை எட்டு மணிக்கு முன் குறைவு.

அரச குடும்பத்தார் வாழும் அமாலியன்போர்க் நான்கு மாளிகைகளும் அங்கிருந்து நடக்கும் தொலைவுதான். நண்பகல் பன்னிரண்டு மணிக்குக் கரடித்தோல் தொப்பி அணிந்த காவலர் மாறும் காட்சி நடைபெறும். எதிரே பெரிய குவிமாடத்தோடு நிற்பது பளிங்குத் தேவாலயம். 1749-இல் அடிக்கல் நாட்டினார்கள். 1770-இல் பணம் இல்லாமல் நின்றது. நூறு ஆண்டுகளுக்கு மேல் மொட்டைச் சுவராகவே கிடந்து, டீட்கன் என்னும் செல்வர் முயற்சியால் 1894-இல் நிறைவுற்றது. பளிங்குக்குக் காசு போதாமல் மேற்பகுதியைச் சுண்ணாம்புக் கல்லில் முடித்தார்கள். உற்றுப் பார்த்தால் பழையதும் புதியதும் நிறத்தால் வேறுபடும்.

வண்ண வீடுகள் வரிசையாக நிற்கும் நூஹவ்ன் கால்வாய், 1843-இல் திறந்த டிவோலி பூங்கா ஆகியவற்றை உடன் வரும் இளையோர் விட்டுவைக்க மாட்டார்கள். கால்வாய்ப் படகில் ஏறி அமர்ந்தால் ஒரு மணி நேரத்தில் பாதி நகரத்தை நடக்காமலே பார்த்துவிடலாம். பெரியோர்களுக்கு என் முதல் பரிந்துரை அதுதான்.

சில குறிப்புகள். பழைய தெருக்களில் உருண்டைக் கற்கள் பாவியிருக்கின்றன. தடித்த அடி உடைய காலணி வேண்டும். நடைபாதைக்கும் சாலைக்கும் இடையே இருப்பது மிதிவண்டிப் பாதை. அதில் நிற்கக் கூடாது. ஓட்டுநர் இல்லாமல் ஓடும் மெட்ரோ இரயில் நிலையங்களில் மின்தூக்கி உண்டு. ரை தானிய ரொட்டிமேல் உருளைக்கிழங்கு வைத்துத் தருவது இவ்வூர்ப் பழக்கம்; முட்டை சேர்ந்த மயோனைஸ் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஜூன் மாதக் கடைசியில் சூரியன் மறைய இரவு பத்து மணி ஆகிறது. விடியற்காலை நாலரைக்கு முன்பே உதித்துவிடுகிறது. மாலைச் சந்தி செய்பவர்கள் கடிகாரத்தை நம்ப முடியாது. டிசம்பரில் பிற்பகல் மூன்றரைக்கெல்லாம் இருட்டு. அம்மன் தரிசனம் வேண்டுவோர் யூட்லாந்துப் பகுதிக்குப் போக வேண்டும். பிராண்டே ஊரில் அபிராமி அம்மனும் ஹெர்னிங் ஊரில் சித்தி விநாயகரும் இலங்கைத் தமிழர் எழுப்பிய கோயில்களில் அருள்பாலிக்கின்றனர். தலைநகரிலிருந்து ஒரு நாள் பயணம்.

கடைசியாக, கட்டாயம் ஒதுக்க வேண்டிய ஒரு மணி நேரம் தேசிய அருங்காட்சியகத்துக்கு. 1902-இல் சீலாந்துத் தீவின் வடமேற்கே, ட்ருண்ட்ஹோல்ம் என்னும் சதுப்பு நிலத்தை உழுதபோது கலப்பையில் ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தால் வெண்கலக் குதிரை ஒன்று. அதன் பின்னே சக்கரங்கள் மேல் ஒரு வட்டத் தகடு. கி.மு. 1400 அளவில் செய்யப்பட்ட சூரியத் தேர் அது. இரண்டு முழம்கூட நீளமில்லாத சிறு பொருள். சதுப்பில் காணிக்கையாக இடப்பட்டது என்பது ஆய்வாளர் கருத்து. ஏழு குதிரை பூட்டிய தேரை அறிந்த நமக்கு ஒற்றைக் குதிரை இழுக்கும் இந்தத் தேரைக் கண்டதும் மனம் எங்கெங்கோ ஓடும். இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பேசுவோரும் உண்டு. அதற்குச் சான்று இல்லை. இதைச் செய்தவர்கள் எழுத்தறியாதவர்கள். என்ன சொல்லி வணங்கினார்கள் என்பது யாருக்கும் தெரியாது.

தகட்டின் ஒரு பக்கத்தில் பொற்றகடு போர்த்தி, மிக நுண்ணிய சுழிக் கோலங்கள் இட்டிருக்கிறார்கள். மறுபக்கத்தில் பொன் இல்லை. குதிரை வலப்புறம் நடக்கும்போது பொன் முகம் நமக்குத் தெரியும்; அது பகல் பயணம். திரும்பிப் போகும்போது இருண்ட முகம். அது இரவு என்று கொள்கிறார்கள். பெரும்பாலோர் பொன் பக்கத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். கண்ணாடிப் பேழையைச் சுற்றி வந்து அந்த மறுபக்கத்தையும் பாருங்கள்.